‘வாரேன்’ என்று சொன்ன காட்டேரி

தேவிபட்டினம்,
16.11.2008, ஞாயிறு.

அன்பு மாப்பிள்ளை குருநாதனுக்கு,

உன் தாய்மாமன் இருளாண்டி, ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர், ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை பஞ்சம்மாளும் சௌக்கியம். பெங்களூர்க் குளிரில் உன் தொண்டை எப்படி இருக்கிறது என்று அத்தை கேட்கச் சொன்னாள். மழை பெய்தது. கடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நிற்க. (இது கடிதத்தில் எழுதுகிற நிற்க. மைதானத்தில் நான் போடுகிற ‘நில்’ வேறு.)

போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு கறுப்பு அட்டைப் பெட்டியை இங்கே விட்டுப் போனாயே, மேலே கோட்டையும் நிலாவும் வௌவாலும் போட்டது, அது விஷயமாகத்தான் எழுதுகிறேன். ஒருவர் பேய்க்கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இறங்க வேண்டும், பிழைப்பதும் சாவதும் பகடையில் விழுவதைப் பொறுத்தது என்று நீதான் விளக்கினாய். விளக்கியதோடு விட்டிருக்கலாம். பஸ் ஏறும்போது என்ன சொன்னாய்? “மாமா, கதை நடத்துறவரு ஆளுகளப் பயமுறுத்தணும். உங்களுக்குச் சத்தம் போடத்தான் வரும். ஒருத்தரையாச்சும் பயமுறுத்திக் காட்டுங்க, பெட்டிய நீங்களே வச்சுக்கங்க” என்றாய். நான் அதை மறக்கவில்லை. நான் விசில் எடுத்தால் பள்ளிக்கூடம் முழுக்க மூச்சுவிடாமல் நின்ற காலம் உண்டு. இன்றைக்கு நம் வீட்டுச் செம்பருத்தியை அடுத்த தெரு ஆடு வந்து மேய்கிறது; விசில் ஊதினேன், அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதியையும் தின்றது. மனசு விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, என்னைக் கண்டு பயப்பட இந்த ஊரில் ஒரு உயிர் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தராவது, ஒரு தடவையாவது பயப்பட்டே ஆகவேண்டும் என்று சபதம் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை எழுத்துவிடாமல் படித்தேன்.

ஆட்டத்துக்கு மூன்று பேரைச் சேர்த்தேன். உன் அத்தை, சார்ஜாவில் கிரேன் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்ட பக்கத்து வீட்டு ஹாஜா முகைதீன், அவர் வீட்டுக்காரி குல்சும். சனிக்கிழமை சாயங்காலம் சன்னலைச் சாத்தி, விளக்கையும் மின்விசிறியையும் அணைத்து, ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றினேன். மூன்று பேரும் நடுங்குவார்கள் என்று பார்த்தால், “இங்கேயும் கரண்டு போச்சா?” என்று குல்சும் விசிறியை எடுத்து விசிற, மெழுகுவத்தியும் அணைந்துவிட்டது. தினம் ரெண்டு வேளை மின்வெட்டில் கிடக்கிற சனத்தை இருட்டை வைத்துப் பயமுறுத்த முடியாது என்பதை உன் புத்தகம் எழுதியவன் யோசிக்கவில்லை. சரி போகட்டும் என்று மறுபடி ஏற்றி, தொண்டையைக் கனைத்து, அந்தக் கோட்டையில் இருக்கும் பிரபுவை அறிமுகம் செய்தேன். அவன் செத்தும் சாகாதவன், ரத்தம் குடிப்பவன், இருளை ஆண்டுகொண்டிருப்பவன் என்றேன். “இருள ஆண்டவனா? அப்ப இருளாண்டி! அது உங்க பேருல்ல?” என்று உன் அத்தை கேட்டாள். அதற்கப்புறம் கால் மணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை, போ.

விட்டேனா? அந்த ஊரைச் சுற்றிப் பனிமூட்டம், பிரபுவின் உத்தரவு இல்லாமல் யாரும் வெளியேற முடியாது என்று குரலை இறக்கிச் சொன்னேன். ஹாஜா முகைதீன் தலையை ஆட்டி, “பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டானாக்கும். எங்க முதலாளி அரபியும் இப்படித்தான் சார். ரமலான் மாசத்துல நல்ல மனசா இருக்கையில கேட்டா குடுத்துருவான்” என்றார். அத்தை பகடையை உருட்டினாள். இருபது முகம் உள்ள பகடையில் ஒன்று விழுந்தது. உன் புத்தகப்படி அதைவிடக் கேடு வேறில்லை, கத்தி உடைந்து காலில் விழ வேண்டும். அவளோ “தாயம்!” என்று கையைத் தட்டி, தாயம் போட்டால் இன்னொரு ஆட்டம் உண்டு என்று பகடையைப் பிடுங்கிக்கொண்டாள். இல்லை என்று சொன்னேன். நாலு வீடு கேட்கச் சொன்னேன். கேட்கவில்லை.

கடைசியில் பிரபுவையே நேரில் இறக்கினேன். உன் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது: வீட்டுக்காரர் தன் வாயால் அழைக்காமல் அவன் வாசல்படி தாண்ட முடியாது. நான் எழுந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு கதவருகில் நின்று, அடித்தொண்டையில், “நான் உள்ளே வரலா...” என்று முடிப்பதற்குள் குல்சும், “வாங்க வாங்க, என்ன வாசல்லயே நிக்கிறீக, தேத்தண்ணி குடிங்க” என்றாள். “அம்மா, அவன் ரத்தக்காட்டேரி!” என்று கத்தினேன். “இருக்கட்டும்ண்ணே. வீடு தேடி வந்தவகள வாங்கன்னு சொல்லாம, போன்னா சொல்றது?” என்கிறாள். ஆட்டத்தை நிறுத்தி, விதியை மூன்று தடவை விளக்கி, ‘வாங்க’ என்ற சொல் வாயில் வரவே கூடாது என்று எச்சரித்து, மறுபடி வாசலில் நின்றேன். இந்த முறை மூன்று பேரும் உதட்டைப் பூட்டிக்கொண்டார்கள். கெஞ்சினேன், மிரட்டினேன், பசிக்கிறது என்றேன், அசையவில்லை. போர்வைக்குள் எனக்குப் புழுங்கியது. அலுத்துப்போய், “சரி, அப்ப நான் வாரேன்” என்று திரும்பினேன்.

“போயிட்டு வாங்க!” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

“மாட்டுனீகளா!” என்று குதித்தேன் பார். நம் ஊரில் போகிறவன் போகிறேன் என்று சொல்வதில்லை, இருக்கிறவர் வாங்க என்று சொல்லாமல் அனுப்புவதும் இல்லை. அந்த ஒரு சொல் போதும், காட்டேரி இனி எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், உங்கள் வாயாலேயே அழைத்துவிட்டீர்கள் என்றேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்துவிட்டது பயம் என்று நினைத்தேன். உன் அத்தைதான் கெடுத்தாள். “வரட்டும்ங்க. ரத்தந்தானே கேக்குறாரு? வருசத்துக்கு ஒரு கெடா வெட்டி, எல்லையில பீடம் போட்டு உக்கார வச்சா ஊருக்குக் காவலா இருந்துட்டுப் போறாரு” என்றாள். ஹாஜா முகைதீன் உடனே, “கெடாவ நான் ஓதி அறுத்துத் தாரேன்க்கா. அப்பத்தான் எங்களுக்கும் கறி ஆகும்” என்றார். ஆக, உன் பிரபு இப்போது காவல் தெய்வம். குல்சும் மசாலாவுக்குக் கணக்குப் போடுகிறாள்.

இதற்கெல்லாம் மசிகிறவன் இல்லை இந்த இருளாண்டி. அடுத்த சனிக்கிழமையும் நடத்துவேன், அதற்கடுத்ததும் நடத்துவேன். இதைவிடக் கொடிய பேய் உள்ள புத்தகம் இருந்தால் உடனே அனுப்பு, ஏனென்றால் இந்தக் காட்டேரி வெறும் பூச்சாண்டி. நானே போர்வைக்குள் புகுந்து அவனாக நின்றவன், எனக்கு ஒரு ரோமம் சிலிர்க்கவில்லை. பயம் என்பது என் ரத்தத்திலேயே கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவிடம் அவள் தம்பி கேட்டதாகச் சொல். நம் குலசாமி இருளப்பன் உன்னை முன்னும் பின்னும் நின்று காப்பான்.

இப்படிக்கு,
உன் மாமன்,
இருளாண்டி.

பி.கு.: மேலே உள்ளதை மத்தியானம் எழுதினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு போனது. நான் கூடத்தில் தனியாக இருந்தேன். வெளிக்கதவருகே நெடுநெடுவென்று ஒரு ஆள் நின்றது, முகம் தெரியவில்லை. “சார் இல்லையா?” என்றது. நான் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சத்தமே போடாமல், மெதுவாக, “சரி, அப்ப நான் வாரேன்” என்றது. இந்தப் பாழும் வாய், பழக்கதோஷத்தில், “போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டது மாப்பிள்ளை.

கேபிள்காரத் தம்பியாக இருக்கும் என்கிறாள் உன் அத்தை. இருக்கலாம். ரசத்துக்கு வைத்திருந்த பூண்டு முழுவதும் (காட்டேரிக்கு அது ஆகாது என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறது) இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட ஹாஜா முகைதீனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் நின்று “வாரேன் சார்” என்கிறார். நான் பதில் சொல்லவில்லை. வாய் செத்தா போச்சு என்று அத்தை ஏசுகிறாள்.

பந்தயப்படி பெட்டி இனி எனக்குச் சொந்தம். ஒருத்தர் பயந்தால் போதும் என்றுதான் சொன்னாய். யார் என்று நீ சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது வாசலில் நின்று “மாமா” என்று கூப்பிடாதே, நான் வா என்று சொல்லமாட்டேன். நீயாக உள்ளே நுழைந்துவிடு. நுழைய முடிந்தால் நீ என் அக்கா மகன்தான்.