சடையப்பன் காருக்குச் சரியான பெட்டி

ஒரு காட்டில் சடையப்பன் என்றொரு கரடி ஷேர் டாக்ஸி ஓட்டிப் பிழைத்து வந்தது. ஆற்றங்கரையிலிருந்து சந்தைத் திடல் வரை சவாரி. யோக்கியமான கரடி, பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். ஆனால் யோக்கியத்தைப் பார்த்து எந்தக் காட்டில் கூட்டம் சேர்ந்தது? முயலும் மானும் ஆடும் அதே தடத்தில் ஓடிய ஓநாயின் காருக்கே முண்டியடித்தன. அந்தக் காரில் பாட்டுப் போட்டால் வழியோர மரத்து விளாங்காய் உதிரும்.

சடையப்பனுக்கு வயிறு எரிந்தது, காய்ந்தும் கிடந்தது. இந்தச் சந்தைக்கும் சவாரி அமையாவிட்டால் காரை விற்றுவிட்டுப் பழையபடி கறையான் புற்றைக் கிண்டப் போக வேண்டியதுதான். கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் மரங்கொத்தியின் கடைக்கு ஓடியது.

"அண்ணே, ஓநாய் காருல இருக்கிற மாதிரி நெஞ்சு அதிர அடிக்கிற ஒரு சப்வூஃபர் போட்டுக் குடுங்க."

"சப்வூஃபர் கெடக்கட்டும். அதை எந்தப் பெட்டியில வைக்கிறோம்ங்கிறதுலதான்யா வித்தையே இருக்கு," என்றது மரங்கொத்தி, பலகையில் ஒரு கொத்து கொத்திவிட்டு. "எல்லாப் பக்கமும் அடைச்ச பெட்டின்னா சத்தம் அளவா, சுத்தமா வரும். அடி விழுந்ததும் நின்னுடும். ஓட்டை வச்ச பெரிய பெட்டின்னா அடி விழுந்த பெறகும் உறுமிக்கிட்டே கெடக்கும். வேற ஒண்ணும் காதுல விழாது. உனக்கு எதுக்கு வேணும்?"

"பாட்டு கேக்கத்தான். வேற எதுக்கு?"

"அப்ப அடைச்ச பெட்டிதான் சரி."

"ஓநாய் எதைப் போட்டுச்சு?"

"ஓட்டைப் பெட்டி. பாட்டு கேக்கத்தானேன்னு அதுகிட்டயும் கேட்டேன். இல்லைன்னுச்சு. அதுக்கு மேல நான் கேக்கலை. எல்லாத்தையும் தோண்டித் துருவிக்கிட்டிருந்தா கடை நடத்த முடியுமா?"

சடையப்பன் அடைத்த பெட்டியையே மாட்டிக்கொண்டது. சந்தை நாள் வந்தது. ஓநாயின் கார் நிரம்பி வழிந்ததால், வேறு கதியில்லாமல் ஒரு ஆடும் ஒரு முயலும் சடையப்பன் காரில் ஏறின. ஆட்டின் தம்பி முந்திக்கொண்டு ஓநாய் காரில் இடம் பிடித்திருந்தான்.

"பாட்டு கேக்குது, ஆனா நெஞ்சு அதிரலியே," என்று முயல் முகம் சுளித்தது.

பாதி வழியில் ஓநாயின் கார் இவர்களை முந்தியது. அதன் முன்சீட்டில் மான்கள் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தன. பின்சீட்டில் ஓநாயின் மச்சான். அங்கே ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், சடையப்பனின் பெட்டியும் ஒரு அடி அடித்துச் சுத்தமாக ஓய்ந்தது. அந்த இடைவெளியில் "ஐயோ, கடிக்கிறானே!" என்றொரு அலறல் தெளிவாக வந்து விழுந்தது.

சடையப்பன் வண்டியை ஓரங்கட்டியது.

"ஏம்ப்பா, அது உன் தம்பி குரலு! உள்ள வச்சு அவனைத் தின்னுறானுங்க!"

ஆட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைக் கழுவு டிரைவர்! என் தம்பி பாட்டு கேட்டுக்கிட்டு ஜம்முனு போறான். இத்தனை நாள் அந்த வண்டியில போறோம், இப்படி ஒரு சத்தம் கேட்டதுண்டா? உன் வண்டியிலதான் அபசகுனமாக் கேக்குது."

"வண்டி சரியில்ல," என்று முயலும் ஒத்து ஊதியது.

"அந்த வண்டியில ஏறாதீங்க சாமி, உங்க கால்ல விழுறேன்," என்று சடையப்பன் கெஞ்சக் கெஞ்ச, இரண்டும் இறங்கிப் போய்க் கைகாட்டின. முந்திப் போயிருந்த ஓநாயின் கார் மரியாதையாகப் பின்னுக்கு வந்து நின்றது.

"இடம் இருக்குமாண்ணே?" என்றது ஆடு.

"ஏறுங்க, ஏறுங்க," என்று மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டது. "இப்பத்தான் ஒரு சீட்டு காலியாச்சு."

நீதி: அலறல் கேட்கும் வண்டியில் ஏறாதீர். கேட்காத வண்டியில் ஏறுவீர். பயணமும் சுகம், இறங்கும் சிரமமும் இல்லை.