கோட்டைத் தபாலும் என் இரண்டு கால்களும்

கல்யாண ஆசை மூளையைத்தான் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் கெடுத்தது முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் (எங்கள் வாயில் உலாந்தாக்காரர்) கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். நாங்கள் ஏரியில் இறங்கி, சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற குடும்பம். துழாவ இரண்டு கையும் வேண்டும் என்பதால், பிடித்ததைப் போடும் பறியை, அதாவது ஓலைக்கூடையை, பல்லால் கடித்துக்கொள்வோம். பக்கத்துக் குப்பத்துக் கன்னியம்மாளை எனக்குக் கேட்டபோது, அவள் அப்பா ஒரே போடாகப் போட்டார். கோட்டையில் தபால் ஓட்டக்காரன் வேலை கிடைத்தால்தான் பெண்ணாம்.

அந்த வேலைக்கான ஓட்டத் தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தண்ணீரிலேயே ஊறிய என் கால் கெட்டித் தரையில் ஓடியதே இல்லை. இருந்தும் முதல் நாளே பக்கத்து ஊரான திருப்பாலைவனம் வரை ஓடித் திரும்பினேன். அடுத்த நாள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. (என்னை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யாரும் மெச்சவில்லை.) அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு காலிலும் முன்னெலும்பின் உள்ஓரம் முழுக்க, விரல் பட்டாலே உயிர் போனது. குதிகாலோ விடிந்ததும் தரையைத் தொட மறுத்தது. அண்ணி அமுக்கிப் பார்த்தாள். எலும்பு உடையவில்லை, பழகாத காலைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாய், ரெண்டு வாரம் சும்மா கிட, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடு என்றாள். அதற்குள் கன்னியம்மாளுக்கு வேறு வீட்டில் வளைகாப்பே நடந்துவிடும் என்று பயந்து மறுபடியும் ஓடினேன்.

தேர்வு நாளில் எனக்குப் போட்டி முனுசாமி. ஆளுக்கொரு தோல் பை. திருப்பாலைவனத்தில் தரும் கடிதத்தை வாங்கி வர வேண்டும். திரும்பும்போது அவன் முன்னால் போய்க் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு அடிக்கும் எலும்பில் ஆணி இறங்கியது. வலி தாங்காமல் ஏரியில் இறங்கி நின்றேன். சில்லென்ற தண்ணீர் பட்டதும் அப்பாடா என்றிருந்தது. அப்போது பாதத்தில் ஓர் இறால் துள்ளியது. எங்கள் ஆட்களால் ஏரியில் சும்மா நிற்க முடியாது, கை தானாகக் கீழே போய்விடும். போயிற்று. தபால் பை பல்லுக்குப் போயிற்று. பிடித்ததெல்லாம் பைக்குள் போயிற்று.

கோட்டையில் முனுசாமி மோர் குடித்துக்கொண்டிருந்தான். கோட்டையின் உலாந்தாத் துரை என் பைக்குள் கையை விட்டார். (இறாலோடு ஒரு நண்டும் வந்திருந்தது எனக்குத் தெரியாது.) அவர் கத்தியதை மொழிபெயர்க்க மறுத்துவிட்ட துபாஷி, தன் கேள்வியை மட்டும் கேட்டார்.

"இன்னாடா இது? தபாலா, கொழம்பா?"

வேலை முனுசாமிக்கு. பெண்ணும் அவனுக்கே என்று பேச்சு முடிந்தது. நான் படுத்துக்கொண்டு அழுதேன். கால் வலியில் அழுகிறேன் என்று அண்ணி எண்ணெய் தடவினாள்.

நிச்சயத்துக்கு முதல் நாள் முனுசாமி கடல்தாண்டிப் படேவியா போகும் கப்பலேறிக் காணாமல் போனான். கன்னியம்மாளின் அப்பா மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை வாசலிலிருந்து கிணறு வரை ஓடிக் காட்டச் சொன்னார். நொண்டினேன். பாதி வழியிலேயே என்னை நிறுத்திவிட்டு, தன் மனைவியிடம் திரும்பினார்.

"இவனுக்கே குடுத்துடலாம். எங்கியும் ஓட மாட்டான்."

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டால், கன்னியம்மாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்துவிடுகிறாள்.

"வாங்க, வாங்க. உங்க நைனா எம்மாந்தூரம் போறார்னு பாக்கலாம்."