கூச்சத்தில் முதல் மாணவன்

எங்கள் லின்ஷோப்பிங் நகரில் ஓர் இனம் இருக்கிறது. வீட்டை விட்டு இறங்காமலே மனிதர்களோடு பழகக் கற்றுத் தேர்ந்த இனம். இணையத்தில் ஒன்பது வாரப் பாடம், வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம், அதைப் படித்துப் பதில் எழுத ஒரு வழிகாட்டி: கூச்சத்துக்கு இங்கே வைத்தியம் இப்படித்தான் நடக்கிறது. பலர் உண்மையாகவே குணமாகிவிடுகிறார்கள். குணமானவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது, குணமாகாமலே நூற்றுக்கு நூறு வாங்குகிறவனைப் பற்றி.

இவனை அடையாளம் காண்பது சுலபம், பார்ப்பதுதான் கஷ்டம். குப்பைப் பையைக் கையில் பிடித்து, தொப்பியும் மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் அடுத்த வீட்டுக்காரரின் காலடி ஓய்கிறவரை கதவுத் துளையில் கண்ணை வைத்து மூச்சடக்கி நிற்பான். போன் அடித்தால் பக்கத்து அறைக்குப் போய்விடுவான், அடித்து ஓய்ந்ததும், “கூப்பிட்டீர்களா?” என்று எழுதி அனுப்புவான். அலுவலகத்தில் காபிக்கு எல்லாரும் கூடினால் இலவங்கப்பட்டை ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொள்வான். மெல்லுகிறவனை யார் கேள்வி கேட்பார்கள்?

யார் இவன்? ரொம்ப தூரம் தேட வேண்டாம். நகராட்சியில் வரைபடம் போடும் ஸ்வெர்க்கர், வயது ஐம்பத்தெட்டு, மூன்றாம் மாடி. அதாவது, நான்.

பிப்ரவரியில் என் மகள் துவா வந்தாள்.

“அப்பா, ஜூன்ல கல்யாணம். விருந்துல நீ பேசணும். மூணே நிமிஷம்.”

“அம்மா பேசட்டுமே?”

“அம்மா பேசுவா. அவளை நிறுத்தத்தான் ஆள் வேணும். நீ என்னைப் பத்தி வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லப்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றே பாடத்தில் சேர்ந்தேன். நேரில் போயா? இணையத்தில்தான்.

என் வழிகாட்டியின் பெயர் குன்வோர். வாரந்தோறும் எழுதுவார். பெரிய மனநல மருத்துவர் என்று நானாகவே முடிவுகட்டி, அவர் எழுத்துக்கு முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே படிப்பேன்.

நான்காம் பாடத்தில் வந்தது வினை. எங்கள் கட்டடத்துக்கே பொதுவான துணி துவைக்கும் அறை நிலவறையில் இருக்கிறது. வாசல் பலகையில், வேண்டிய மணிக்கு நேரே அவரவர் பூட்டை மாட்டி நேரம் பிடிக்க வேண்டும். அடுத்தவர் நேரத்தில் உள்ளே தலைநீட்டினால் ஏழு வருஷம் முகம் கொடுக்க மாட்டார்கள். வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? அடுத்தவர் நேரத்தில் உள்ளே போய்ச் சோப்புத்தூள் கடன் கேட்க வேண்டுமாம்!

போனேன். கூடையோடு நிலவறைக் கதவுவரை போனேன். உள்ளே யாரோ இருமினார். ஏறி வந்துவிட்டேன். பிறகு மேஜையில் உட்கார்ந்து, கேட்டதாகவும், அவர் சிரித்ததாகவும், பனி உருகாததைப் பற்றி இருவரும் வருத்தப்பட்டதாகவும், பயம் நூற்றுக்கு முன்பு எண்பது பின்பு முப்பது என்றும் இரண்டு பக்கம் அளந்தேன்.

“அபாரம், ஸ்வெர்க்கர்!” என்று பதில் வந்தது.

அந்த ‘அபாரம்’ என்னைக் கெடுத்தது. அடுத்த வாரம் கடையில் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன், அதற்கடுத்த வாரம் உணவகத்தில் சூப் ஆறிவிட்டதென்று சண்டை போட்டேன், எல்லாம் என் மேஜையிலிருந்தபடியே. பாடத்தின் வரைபடத்தில் என் பயத்தின் கோடு வாராவாரம் சறுக்கிக்கொண்டு இறங்கியது. அதை அச்செடுத்துக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினேன்.

எட்டாம் பாடம்: கல்யாணப் பேச்சை வழிகாட்டிக்குப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். “எங்கள் பக்கம் போன் சரியாகக் கேட்காது. எழுதி அனுப்பலாமா?” என்று எழுதினேன். எப்போதும் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறவர் இரண்டே நிமிஷத்தில் பதில் போட்டார்: “தாராளமாக! எழுத்தே போதும்!”

தோளுக்குப் பின்னால் நின்று படித்த துவா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்பா, அந்தம்மாவுக்கும் உன் வியாதிதான்!”

“சும்மா இரு. அவங்க பெரிய டாக்டர்.”

“கேட்டுத்தான் பாரேன்.”

கேட்டேன். டாக்டர் இல்லையாம்; நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நான்கு வருஷம் முன்பு இதே பாடத்தைப் படித்து, பிறகு பயிற்சி எடுத்து வழிகாட்டியானவர். டாக்டர் வழிகாட்டினாலும் இவர் போன்றவர் வழிகாட்டினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்கள். இருக்கலாம். என்னிடம் இருவருமே தோற்றிருப்பார்கள்.

ஜூன் வந்தது. விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மண்டபத்துக்குப் போய், அறுபது தட்டுகளிலும் கைத்துணிக்கு அடியில் என் பேச்சின் அச்சுப் பிரதியை வைத்தேன். மேலே ஒரு குறிப்பு: ‘அமைதியாகப் படிக்கவும்.’

“இப்போது மணமகளின் தந்தை,” என்றார் விருந்தை நடத்துபவர். நான் தட்டைச் சுட்டிக்காட்டினேன். எங்கள் ஜனங்களை என்னவென்று சொல்ல! ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. வரிசையாகத் தலைகள் குனிந்தன. மூன்று நிமிஷம் கரண்டிச் சத்தம்கூட இல்லை. மாப்பிள்ளையின் அப்பா என் காதோரம், “அருமையான ஏற்பாடு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் இப்படியே பண்ணிருப்பேன்,” என்றார்.

படிக்காதவள் ஒருத்திதான். எழுந்து வந்து, தன் பிரதியை மடித்து என் தட்டில் வைத்தாள்.

“படிக்க எனக்குத் தெரியும்ப்பா. இன்னிக்கு நான் கேக்கணும்.”

எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. எழுதிவைத்த மூன்று நிமிஷத்தில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

“துவா பொறந்த அன்னிக்கு நர்ஸ் அவளை என் கையில குடுத்தாங்க,” என்றேன். “வாழ்க்கையில மொதல் தடவையா, ஒரு புது ஆளைப் பார்த்து எனக்குக் கூச்சமே வரல.”

அவ்வளவுதான். கோப்பையை உயர்த்தக்கூட மறந்து, விழுந்த நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். துவா பக்கத்தில் வந்து, வெள்ளைக் கவுனோடு தரையிலேயே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

திங்களன்று குன்வோருக்கு உண்மையை எழுதினேன். சட்டை பொய், சூப் பொய், சோப்புத்தூள் பொய். கல்யாணப் பேச்சு மட்டும் நிஜம். பயம் முன்பு தொண்ணூற்றைந்து, பின்பும் தொண்ணூற்றைந்து.

பதில் வந்தது: “நீங்கள் எழுதியதில் நான் நம்பிய முதல் எண் இதுதான். உங்கள் கோடு என் பழைய கோடு போலவே இறங்கியபோதே சந்தேகப்பட்டேன். அந்தச் சோப்புத்தூளை நானும் கேட்கவில்லை. நாளை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடுங்கள்.”

பத்து மணிக்குப் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் பக்கத்து அறைக்குப் போனேன். திரும்பி வந்து, ஏழாவது முறை அடிக்கும்போது எடுத்தேன். எடுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் ஐயோ என்று ஒரு குரல் கேட்டது.

நீங்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்திருப்பீர்கள். நல்லது. இதை அப்படியே ஒரு நண்பருக்குச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். கூப்பிட்டுச் சொல்லப் போகிறீர்களா, எழுதி அனுப்பப் போகிறீர்களா? எழுதித்தான் என்றால் தயங்காமல் இந்தப் பாடத்தில் சேர்ந்துவிடுங்கள். நானும் இப்போது வழிகாட்டியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் சோப்புத்தூள் கதையைப் படிக்க ஆவலாயிருக்கிறேன்.