செங்கமலம் படித்த மூன்று புத்தகங்கள்

பிச்சைமுத்துவுக்கு வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. புதுப் பெண்டாட்டி செங்கமலம் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனையே ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். "கதை எப்படிப் போவுது?" என்று ஆசையாகக் கேட்டால் முகம் வெளிறிப்போகிறது.

எட்டாவது படித்த பெண்ணைக் கட்டிவிட்டேன் என்று விராலிமலை முழுக்கப் பீற்றிக்கொண்டவன் அவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவனுக்கு அது பெரிய யோகம்தானே! கல்யாணமான கையோடு நூலகத்தில் சேர்ந்து அவளுக்குப் புத்தகம் எடுத்துவந்தான்.

பொறுக்கமாட்டாமல் நூலகர் ஞானமணியிடம் ஓடினான்.

"சார், நீங்க குடுத்த பொஸ்தகத்துல என்ன இருக்கு?"

"உண்மையா நடந்த கேசுப்பா. பொண்டாட்டி புருஷனுக்கு ரசத்துல அரளி வெதைய அரைச்சு ஊத்திருவா. கீழ வைக்கவே மனசு வராது."

பிச்சைமுத்து நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். நேற்று ரசம் கசந்த மாதிரிதான் இருந்தது.

"சாமி பொஸ்தகமாக் குடுங்க சார்."

கொடுத்தார். அன்று சாயங்காலம் அதைத் திறந்த செங்கமலம் கண் கலங்கினாள். "நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரட்டுங்களா?" என்றாள்.

விடிந்ததும் மறுபடி நூலகம்.

"அதுல அந்தம்மா புருஷன வேணாம்னுட்டு, சாமியே கதின்னு கெளம்பிருவாங்க," என்றார் ஞானமணி பரவசமாக.

"ஏன் சார் என் குடியக் கெடுக்குறீங்க? சிரிக்கிற மாதிரி ஒரு கதை குடுங்க."

ஒரு நாவல் கிடைத்தது. அதை வீட்டில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனவனுக்கு மத்தியானம்தான் உறைத்தது, கதையைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று. திரும்ப ஓடினான்.

"பாதி வரைக்கும் ஒரே சிரிப்புப்பா. அப்பறம் அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்துரும்."

வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. வீட்டுக்குப் பறந்தான். கொல்லைக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து, செங்கமலம் உள்ளே குனிந்துகொண்டிருந்தாள். பாய்ந்து அவளை இடுப்போடு பிடித்து இழுத்தான். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். அவள் கையிலிருந்த நாவல் தண்ணீரில் விழுந்தது.

"நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? ஒரு கதையப் படிச்சுட்டு உசுர விடலாமா?"

அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் செவந்தி வந்தாள். செங்கமலத்தின் ஊர்க்காரி. அவன் பதறிப் பதறிச் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவ எங்கண்ணே சாகப் போனா? பொஸ்தகத்தத் தொலைக்கப் போனா. எட்டாவதுன்னு பொய் சொல்லிக் கட்டிக் குடுத்துட்டாங்க, நீங்க என்னைக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுவீங்களோன்னு நடுங்கிக்கிட்டுக் கெடக்குறா. அவளும் ஒங்களாட்டம் கைநாட்டுத்தாண்ணே."