அக்கா வீட்டில் சுற்றிய வளையம்

"தொட்டுப் பாருடா! இதை வச்சுத் துணி தேய்க்கலாம்."

அக்கா சின்னக் கணினியைத் தம்பியின் கையில் திணித்தாள். அவன் "அய்யோ!" என்று மேசைமேல் போட்டான்.

"எப்பப் பாரு, திரை மூலையில ஒரு வளையம் சுத்துது. அது சுத்தச் சுத்தச் சூடு ஏறி, பொட்டுன்னு அணைஞ்சிடுது. மத்தியானம் இதுலதான் எனக்கு நேர்காணல். டீச்சர் வேலைக்கு எத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா? எந்தப் புண்ணியவான் இதைச் செஞ்சானோ, கையில மட்டும் கிடைக்கட்டும்!"

அந்தப் புண்ணியவான் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியைத் தயாரிக்கும் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. பக்கம் திறக்கும்வரை பல நிறங்களில் மினுங்கிச் சுற்றும் அந்த வளையம் அவன் கைவண்ணம். பெரிய கணினியில் அது ஜோராகச் சுற்றும். சின்னக் கணினிக்கோ அதை வரைந்து வரைந்தே மூச்சு வாங்கும். இது அவனுக்கு நன்றாகவே தெரியும். புகார்கள் வந்தபோது மேலாளரிடம், "ஜனங்க ஓட்டைக் கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க சார்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டான். இப்போது அந்த ஜனம் அக்காவாக எதிரே நின்றது. அவமானமாக இருந்தது.

"நான் பாத்துக்கறேன்க்கா" என்றான். 'நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை.

கணினியை மூடியிருந்த துண்டில் தைல வாடை தூக்கலாக அடித்தது.

"இது எதுக்கு?"

"உங்க மாமா மூடி வைப்பார். தூசி படக்கூடாதாம். பஸ் ஓட்டிட்டு அலுத்துப்போய் வந்தாலும் பொறுப்பான மனுஷன்."

தம்பி வளையத்தைக் கண்ணில் படாமல் மறைத்தான். மறைக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. பயன்படுத்துபவர்கள் நிறுத்தும் வசதியே கூடாது என்று அலுவலகத்தில் அடம்பிடித்தவனும் அவனேதான்.

வளையம் தெரியாததால், பக்கம் திறக்கவில்லை என்று நினைத்து அக்கா தட்டினாள். மறுபடி தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பின்னால் ஏகப்பட்ட பக்கங்கள் திறந்து, ஏகப்பட்ட வளையங்கள் மறைவாகச் சுற்றின. கணினி கொதித்தது.

அவசரத்தில் அவன் குளிர்பெட்டியிலிருந்து உறைந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அடியில் வைத்தான். அது வியர்த்து மேசையெல்லாம் தண்ணீர் ஓடியது.

"சரி பண்ணச் சொன்னா குளிப்பாட்டறியே, பாவி!"

திரை ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்த வளையத்தைச் செஞ்சது நான்தான்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவன் கைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு மேலாளரை அழைத்தான். "சார், சூட்டுக்குக் காரணம் என் வளையம்தான். முதல்லேர்ந்தே எனக்குத் தெரியும். மறைச்சுட்டேன். தயவுசெஞ்சு எல்லாருக்கும் அதை எடுத்துடுங்க."

"தெரிஞ்சுமா ஜனங்க மேல பழி போட்டே? வெக்கமா இல்ல?"

"இருக்கு சார்."

அலுவலகத்திலிருந்தே வளையத்தை அணைத்தார்கள். தம்பி கணினியைத் துடைத்து உலர்த்தி உயிர்ப்பித்தான். இந்த முறை அது சமர்த்தாக ஓடியது. அவன் கதவுக்கு வெளியே கைகட்டி நின்றான். நேர்காணல் முடிந்து அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சுடா! போ, உன்னை மன்னிச்சுட்டேன்."

மானம் போனாலும் மனசு லேசாகியிருந்தது.

அந்த நேரம் மாமா வேலை முடிந்து வந்தார். இடுப்பைப் பிடித்தபடி நேராக மேசைக்குப் போய், கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பரிதாபமான குரல் கேட்டது.

"மாப்ளே, திறக்கவே திறக்காத பக்கமாப் பாத்துப் பத்துப் பக்கம் திறந்துட்டேன், இன்னும் அந்த வளையத்தைக் காணோமே! அது சுத்தினாத்தானேப்பா என் இடுப்பு வலிக்கு இதமா இருக்கும்?"