காளிராஜ் மூடிய பள்ளங்கள்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் பள்ளங்களைக் கொண்டு அளப்பதென்றால், ராஜபாளையத்தில் காளிராஜின் போட்டோ ஸ்டுடியோ இருக்கும் தெரு எப்போதோ வல்லரசாகியிருக்கும். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள்; குழாய் வரவில்லை. கேபிளுக்காக அகலப்படுத்தினார்கள், கேபிள் வேறு தெரு வழியாகப் போய்விட்டது. மிச்சமானது பள்ளம் மட்டும், அதுவும் சரியாக ஸ்டுடியோ வாசலில். தோண்டியது எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். தோண்டுகிற அலுவலகங்கள் நாலைந்து இருக்கின்றன, கேட்டால் ஒன்றையொன்று கைகாட்டும்.

காளிராஜ் பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிறவர்கள் கழைக்கூத்தாடி மாதிரி கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஆவணி பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். அதற்குள் பள்ளத்தை மூடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். புகார் செயலியில் புகார் மேல் புகாராகப் போட்டான். "தங்கள் புகார் கனிவுடன் பரிசீலிக்கப்படுகிறது" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. கனிவுக்கு ஒரு குறைவும் இல்லை.

இடையில் அவன் பிழைப்பை ஓட்டியது கார்ட்டூன் மோகம். சொந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெளியே தலைகாட்ட யாருக்கும் இஷ்டமில்லாத காலம் இது. ஓசியில் இறக்கிய சாஃப்ட்வேரில் போட்டோவைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினால் போதும். மேடுபள்ளம், சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் ஒரே வண்ணமாக மெழுகி, ஓரத்தில் கறுப்புக் கோடு இழுத்துக் கொடுத்துவிடும். பேரன் எடுத்தவர்களும் அதில் கல்லூரி மாணவர்களாக வெளியே வந்தார்கள்.

அப்படித்தான் ஒருநாள் இன்ஜினியர் ஜெபின் பலகை மேல் நடந்து வந்தார். செயலியில் வரும் புகார்களைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு அவருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்.

"சார், வாசல்ல பாத்தீயளா?" என்றான் காளிராஜ்.

"பாத்தேன், பாத்தேன். நல்ல ஆழம். மொதல்ல என் படத்தைப் போடும்."

படம் திரையில் வந்தது. ஜெபினின் கன்னத்திலிருந்த பருக்குழிகளில் ஒன்றைக்கூடக் காணோம். கன்னம் ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் மாதிரி பளபளத்தது. அவர் கன்னத்தைத் தடவினார், திரையைப் பார்த்தார், மறுபடி தடவினார்.

"இம்புட்டுக் குழியும் எங்கய்யா போச்சு?"

"சாஃப்ட்வேரு நெரப்பிருச்சு சார்."

"ஜல்லி, தாரு ஒண்ணும் வேண்டாமா?"

"பட்டன் மட்டுந்தான் சார்."

ஜெபின் வாசல் பக்கம் திரும்பிப் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வெளியானது. 'பொதுமக்களின் மனமகிழ்ச்சியை முன்னிட்டும், நவீனத் தொழில்நுட்பத்தைப் பேணும் பொருட்டும், பணி முடிவுற்றதற்கான புகைப்படங்கள் இனி ஓவிய வடிவில் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்.' கூடவே ஒரு பென் டிரைவோடு ஜெபினும் வந்தார். "வேலை உமக்குத்தான். உம்ம பள்ளத்துக்கு முன்னுரிமை" என்றார். காளிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றியோடு பென் டிரைவைச் செருகினான். முதல் படமே அவன் வாசல்தான்.

"சார், இது என் பள்ளம்!"

"முன்னுரிமைன்னு சொன்னம்லா?"

"நெசப் பள்ளத்தை மூடுங்கன்னுல்லா கேட்டேன்!"

"புகாரை எங்க குடுத்தீரு?"

"செயலியில."

"செயலியில இருக்குறதை நாங்க மூடுதோம். தெருவுல இருக்குற பள்ளத்துக்கு நீரு புகாரே குடுக்கலையே."

காளிராஜ் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அலுவலகத்தைப் பகைத்துக்கொண்டு கடை நடத்தவும் முடியாது. பட்டனை அமுக்கினான். பள்ளம் சாம்பல் வண்ணத்தில் சமமாகிவிட்டது. 'மேற்படி பள்ளம் நிரப்பப்பட்டு, சமன் செய்யப்பட்டு, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது' என்று அவன் போனுக்கே செய்தி வந்தது.

அதற்குப் பிறகு ஊர் முன்னேறிய வேகம் இருக்கிறதே, சொல்லி மாளாது. சோழபுரம் ரோடு ஒரே மத்தியானத்தில் கண்ணாடியானது. சாக்கடைகள் நீல நிறத்தில் ஓடின. குப்பைமேடு, மென்பொருளின் தயவில், பூந்தோட்டமாகத் தெரிந்தது. மேலிடத்திலிருந்து ஜெபினுக்கு விருது வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு குழு இந்த முறையைக் கற்றுக்கொள்ள ஸ்டுடியோவுக்கு வந்தது. ஒவ்வொருவராகப் பலகையில் தத்தித் தத்தி நடந்து வந்து, "பள்ளமே இல்லாத ஊரு" என்று குறிப்பெடுத்துக்கொண்டு, தத்தித் தத்தியே திரும்பிப் போனார்கள்.

அந்த வாரம்தான் எதிர்க்கடை டெய்லர் மாரிசெல்வி, ஜாக்கெட் மூட்டையோடு பலகையில் ஏறி, பலகை பிசகி உள்ளே விழுந்தாள். கால் முறிந்துவிட்டது. செயலியில் அவள் கொடுத்த புகாருக்கு அன்றைக்கே பதில் வந்தது: 'குறிப்பிட்ட இடத்தில் பள்ளம் ஏதும் இல்லாத காரணத்தால், தாங்கள் விழுந்திருக்க வாய்ப்பில்லை எனக் கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது.'

காளிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டனை அமுக்கிய விரல் அவனுடையதுதானே. கோபமும் வெட்கமுமாகப் பள்ளத்தின் அசல் போட்டோவை எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். 'இதுதான் நெசம். பாத்துக்கோங்க' என்று எழுதினான். ஊர் கொதித்தெழும் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஊர் கொதித்தது உண்மை.

'செம எடிட்டிங் அண்ணே!'

'பள்ளம் அப்படியே நெசம் மாதிரியே இருக்கே. எந்த சாஃப்ட்வேரு?'

இதை எழுதிய ரெண்டு பேரும் காலையில் அதே பள்ளத்தைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனார்கள். 'நெசந்தான்யா, விழுந்தது நாந்தான்' என்று மாரிசெல்வி கட்டுப்போட்ட காலைப் படமெடுத்துப் போட்டாள். 'அக்கா நடிப்பு அபாரம்' என்று அதற்கு நாற்பது இதயங்கள் விழுந்தன.

மறுநாளிலிருந்து காளிராஜின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாருக்கும் பள்ளத்துக்குள் விழுகிற மாதிரி படம் வேண்டுமாம். கார்ட்டூன் பழசாகிவிட்டது, இப்போது பள்ளம்தான் ஃபேஷன். கான்சாபுரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போன கல்யாண வீட்டாரும் திரும்பி வந்தார்கள். நிஜப் பள்ளத்தைப் பலகை வழியாகப் பத்திரமாகத் தாண்டி உள்ளே வந்து, பின்னணி மாற்றுவதற்கான பச்சைத் துணிக்கு முன்னால் நின்று, "அண்ணே, பள்ளம் கொஞ்சம் ஆழமா இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆவணி முதல் வாரம். வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஜல்லியும் தாருமாக, நிஜ லாரி. கூட வந்த மேஸ்திரி கருத்தப்பாண்டி, "பள்ளத்துல விழுற படமெல்லாம் மேலிடத்துக்குப் போயி நாறிப்போச்சு. நெசமாவே மூடச் சொல்லிட்டாக" என்றார். எதிர்க்கடையிலிருந்து மாரிசெல்வி, "அப்பாடா, வந்தாகளா!" என்று கட்டையை ஊன்றி எழுந்தாள்.

காளிராஜ் ஜல்லியைப் பார்த்தான். பலகை முனையிலிருந்து தெருமுக்கு வரை நின்ற வரிசையையும் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஆவணி முடிஞ்ச பொறவு வாங்களேன்" என்றான்.

"அப்ப மூடுனதுக்குப் போட்டோ?"

"அதுக்கென்ன, உக்காருங்க. இந்தா தாரேன்."

மாரிசெல்வி நொண்டிக்கொண்டே பலகை வரை வந்து நின்றாள். "அண்ணே, அந்தப் படத்துல என்னையும் சேத்துக்கோங்க. எங் காலாவது அதுல நல்லா இருக்கட்டும்."

காளிராஜ் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் சேர்த்துவிட்டான். மெழுகிவிட்ட மாதிரி இருந்த ரோட்டில், ரெண்டு காலும் நேராக, ரோஜா நிறச் சேலையில் நின்றாள் மாரிசெல்வி. கருத்தப்பாண்டி லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மாரிசெல்வி அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்தாள். தான் கொஞ்சம் கூடுதல் நிறமாக வந்திருப்பதில் அவளுக்கே திருப்தி.