முந்தைய காலகட்டத்தின் ரசிகர்

செய்தி வந்தபோது காலை ஐந்தேகால். ஓவியர் சேவியர் போய்விட்டார் என்று அவர் மனைவி ஸ்டெல்லா கைபேசியில் சொன்னார். ஔந்த் பகுதி அடுக்குமாடி வீட்டில் சேவியரின் நண்பர் வசந்தகுமார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "கடைசியா முதுகு முதுகா வரைஞ்சானே, அதெல்லாம் பிரமாதம்மா" என்றார்.

நண்பர் உயிரோடிருந்தவரை அந்த முதுகுகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'பஸ் கியூ'.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். முந்தைய காலகட்டத்தின் ரசிகர். கண்காட்சிக்கு முதல் ஆளாக வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், இடது கண்ணை மூடி வலது கண்ணால் படத்தை அளந்து, சுற்றியிருப்பவர்கள் பேச்சை நிறுத்தும்வரை காத்திருந்து பெருமூச்சு விடுவார். "பழைய சேவியர் எங்க போனான்?" அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விடுவார்.

பழைய சேவியர் யார்? கட்கி ஆலையில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் ஆட்களைச் சட்டைப் பொத்தான் உட்பட வரைந்தவர். அப்போது நம்மவர், "போட்டோ எடுத்திருக்கலாமே" என்றார். பிறகு சேவியரின் மனிதர்களுக்குக் கழுத்து நீண்டது, கன்னத்தில் பச்சை ஏறியது. உடனே பொத்தான்கள் அமரத்துவம் அடைந்தன. அதன்பின் எல்லோரும் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள். நீண்ட கழுத்துகள் காவியமாயின. முடிந்துபோனால்தான் பிடிக்கும் என்றால், பாவம், ஓவியர் என்ன செய்வார்?

சேவியர் ஒன்று செய்தார். வசந்தகுமாரையே வரைந்தார். பாணி மாறும்போதெல்லாம் சுரண்டிவிட்டு, அதே கேன்வாஸில் மறுபடி வரைந்தார்.

"இது நானா, ஒட்டகமாடா? முன்னாடி வரைஞ்சதுல மனுஷனாவது இருந்தான்."

"சரி, ச்சல், அழிச்சிடறேன்."

அடுத்தது முதுகு.

"என் மூஞ்சிக்கு என்னடா குறைச்சல்? அந்தக் கழுத்தாவது அழகா இருந்துச்சு!"

"அரே, ஒரே ஒரு தடவ நல்லாருக்குன்னு சொல்லேன் வசந்து. சொன்னா செத்தா போயிடுவே?"

"சொன்னா நீ வளர மாட்டே."

அடக்கம் முடிந்த மாலை, போபோடியில் சேவியர் வீட்டில் ஸ்டெல்லா அந்தப் படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். "மறுபடியும் வரைஞ்சாருண்ணா. நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு வச்சிருந்தாரு."

படத்தில் வசந்தகுமார் முதுகைக் காட்டி நின்றார். பின்னால் கட்டிய கைகளில் மணிக்கட்டுப் பொத்தான் அத்தனை துல்லியம். கழுத்து நீளம். தோளுக்கு மேல் திரும்பிய முகத்தில் இடது கண் மூடியிருந்தது.

அவர் பழக்கப்படி பின்னால் நகர்ந்தார். பீரோ இடித்தது. அந்த அறையில் இரண்டடி கிடையாது.

"நல்லாருக்கும்மா" என்றார். மறுபடி சொன்னார்.

அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ எதையோ புதிதாகச் செய்து வைத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். உங்கள் இடது கண் இப்போது திறந்துதான் இருக்கிறதா?

படத்தின் வலது கீழ்மூலையில் கையெழுத்துக்காக விட்ட இடம் அப்படியே இருக்கிறது.